விடுமுறை வீட்டில் அடுப்பு யாருக்கு?



இங்கிலாந்தில் குடித்தனம் செய்யும் என் அக்கா மகள் போன வாரம் போனில் பேசினாள். "சித்தி, ஒரு வாரம் லீவு போட்டுட்டு கார்ன்வால் பக்கம் கடலோரமா ஒரு கிராமத்துக்குப் போயிட்டு வந்தோம். ஓட்டல் இல்ல, தனி வீடு. நாமளே சமைச்சுக்கணும்" என்றாள்.

அந்த நாட்டில் இதற்கு 'செல்ஃப் கேட்டரிங்' என்று பேராம். பல வீடுகளில் சனிக்கிழமை போனால் அடுத்த சனிக்கிழமை வரை வீடு நம்முடையது. வாசலில் ஒரு சின்னப் பெட்டி. எண்ணை அழுத்தினால் உள்ளே சாவி இருக்கும். அடுப்பு, ஃபிரிட்ஜ், தட்டு, கரண்டி எல்லாம் அலமாரியில் எண்ணி வைத்திருப்பார்கள். எந்த ஸ்விட்ச் எதற்கு, குப்பையை எங்கே போடுவது என்று எழுதிய ஃபைல் ஒன்று மேஜைமேல் இருக்கும். கேட்கவே சௌகரியமாக இருந்தது.

"அப்போ நல்லா ஓய்வெடுத்தேன்னு சொல்லு" என்றேன்.

"எங்க சித்தி! ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுது. நான் தோசை ஊத்திக்கிட்டே பார்த்தேன். அடுப்புதான் மாறிச்சு, வேலை மாறல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் மனசுக்குள் சுருக்கென்றது. நான் 2016-ஆம் வருஷம் ஒகேனக்கல்லில் பட்ட பாடு அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. இந்த இதழில் அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பதினோரு பேரும் ஒரு அடுப்பும்

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டு வழியே இறங்கினால் காவிரி. வெளியூர்க்காரர்கள் ஆசை ஆசையாக வருகிற இடம். நமக்கோ பக்கத்தில் இருப்பதாலேயே 'எப்ப வேணா போலாம்' என்று தள்ளிப் போகிற இடம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. தண்ணீர் பாறையில் விழுந்து புகைபோல எழும்புவதால் புகையும் கல் என்ற அர்த்தத்தில் ஒகேனக்கல் என்று பேர் வந்தது என்பார்கள்.

அந்த வருஷம் மே மாதம், பள்ளிக்கூட லீவில் இரண்டு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. என் மாமியார், நாங்கள் இரண்டு பேர், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், நாத்தனாரும் அவள் மகளும். ஆக மொத்தம் பதினோரு பேர். ஓட்டலில் மூன்று வேளை சாப்பிட்டால் கட்டுபடியாகாது என்று, சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார் என் வீட்டுக்காரர். "சமையல்கட்டு இருக்குது, உனக்குச் சௌகரியம்" என்றும் சொன்னார். 'உனக்கு' என்ற அந்த ஒரு வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

கவனித்திருந்தால் முன்கூட்டியே நாலு கேள்வி கேட்டிருப்பேன். போய்ப் பார்த்தால் சமையலறை இருந்தது; பாத்திரம் என்று சொல்ல இரண்டு அலுமினியச் சட்டியும் ஒரு கரண்டியும்தான். சிலிண்டர் முதல் நாள் ராத்திரியே தீர்ந்தது. கத்தி இல்லை. தொட்டியில் கழுவின தண்ணீர் போக வழியில்லாமல் காலடியில் நின்றது.

காலை ஐந்தரைக்கு டீயில் ஆரம்பித்தேன். எட்டு மணிக்கு இட்லி. அது முடிவதற்குள் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குப் பசி. மத்தியானம் சாம்பார், பொரியல், ரசம். சாயங்காலம் பஜ்ஜி, திரும்பவும் டீ. ராத்திரி சப்பாத்தி. ஓரகத்தி காய் நறுக்கினாள், நாத்தனார் பாத்திரம் தேய்த்தாள். ஆண்களும் பிள்ளைகளும் அருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வறுத்த மீன் வாசனையோடு திரும்பி வந்து, "என்ன டிபன்?" என்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டதில் கோபமும் இல்லை. வீட்டில் கேட்பதைத்தான் அங்கேயும் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், மாவு பிசைந்துகொண்டு, "நாளைக்காவது பரிசல்ல போகணும் அத்தை" என்றேன்.

மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "எனக்குக் கல்யாணமாகி நாப்பத்தி நாலு வருஷம் ஆவுது கண்ணு. ஆடிப் பதினெட்டு, அது இதுன்னு ஒம்போது தடவை இங்க வந்திருக்கேன். ஒரு தடவைகூட பரிசல்ல ஏறினதில்ல. கொரங்கு சோத்தைத் தூக்கிட்டுப் போயிடும், நீ மூட்டைகிட்ட இருன்னு சொல்லிட்டு எல்லாரும் போயிடுவாங்க. அவங்க போறதை நான் கரையில இருந்து பாப்பேன்."

வருத்தமாகச் சொல்லவில்லை. பூண்டு விலை சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. மறுநாள் காலையில் மூட்டை கட்டவே நேரம் சரியாக இருந்தது. பத்து நிமிஷம் அருவியில் தலை நனைத்ததோடு ஊர் திரும்பினோம். நானும் பரிசலில் ஏறவில்லை. அத்தைக்கு அது பத்தாவது தடவை.

வீடு எடுக்கும் முன்

சமையலறையுள்ள வீட்டில் தங்குவது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்கலாம், வயசானவர்களுக்கு உப்பு காரம் குறைத்துச் செய்யலாம், வெந்நீர் வைத்துக்கொள்ளலாம். பெரிய குடும்பத்துக்குச் செலவும் பாதியாகக் குறையும். ஆனால் வீடு எடுக்கும்போதே சில சமாசாரங்களைப் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். கூச்சமே வேண்டாம்.

சிலிண்டர் யாருடையது, தீர்ந்தால் மாற்று உண்டா? என்னென்ன பாத்திரம், எத்தனை பேருக்குப் போதும்? குக்கர் உண்டா? குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வருமா? குடிக்கிற தண்ணீர் எது? கழுவின தண்ணீர் போக வழி உண்டா? ஜன்னலுக்குக் கம்பியோ வலையோ இருக்கிறதா? ஒகேனக்கல்லில் குரங்கு அதிகம். கம்பி இல்லாத ஜன்னலோரம் வாழைப்பழம் வைத்தால் அது நமக்கில்லை. தேய்த்துக் கழுவ உள்ளூரில் ஆள் கிடைக்குமா, கூலி எவ்வளவு? இதையும் கேளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: கத்தி, அரிவாள்மனை, தீப்பெட்டி, மெழுகுவத்தி, இரண்டு கைப்பிடித் துணி, பாத்திரம் தேய்க்க நார், சோப்பு, மூடி போட்ட டப்பாக்கள், துணிப்பை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைக்கும் தட்டுக்கும் தடை இருக்கிறது. வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ கொண்டுபோனால் கழுவுகிற வேலையும் பாதி மிச்சம். காய்கறி, பால், மளிகையைத் தர்மபுரியிலேயோ பென்னாகரத்திலேயோ வாங்கிவிடுவது உசிதம். காட்டு வழியில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்குள் போய்ச் சேருகிற மாதிரிக் கிளம்புங்கள்.

வீட்டிலேயே பாதி சமையலை முடித்துவிடலாம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், வறுத்து அரைத்த குழம்புத் தூள் இருந்தால் சாதம் வடித்தாலே ஒரு வேளை ஓடிவிடும். இட்லி மாவு கொண்டுபோனால் வாளியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வெயிலுக்குப் பொங்கி வழியும். இந்தத் தொல்லையே இல்லாதது நம் ஊர்க் கேழ்வரகு மாவு. புளிக்கவும் வேண்டாம், ஊறவும் வேண்டாம். கைப்பிடி நொய்யை முதலில் வேகவைத்து, ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கணக்கில் கொதிக்கும்போது மாவைப் போட்டு, துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டினால் களி தயார்.

ஆக்கின சோற்றையும் குழம்பையும் கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்துச் சாப்பிடாதீர்கள். வாசனை நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி வயிறு சொல்லும். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். டீக்கரண்டியால், தலை தட்டி அளக்க வேண்டும். கைக்குழந்தை என்றால், அல்லது போக்கு நிற்கவில்லை என்றால், தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தைப் பருவத்தில், பல் உருவாகிற எட்டு வயசுக்குள் இந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். நாம் லீவுக்குப் போய்க் குளிக்கிற அதே காவிரிதான் சுத்தம் செய்யப்பட்டு வீட்டுக் குழாய்க்கும் வருகிறது.

"தண்ணியக் காய்ச்சிட்டா ஃபுளோரைடு போயிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போகாது. காயக் காயத் தண்ணீர் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். காய்ச்சினால் போவது கிருமி. ஆகவே வீட்டில் தினமும் குடிக்கச் சமைக்கக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையே பிடித்து வையுங்கள். இரண்டு நாள் வெளியூரில் தங்கும்போது ஃபுளோரைடு பயம் வேண்டாம். கிருமிக்குத்தான் பயப்பட வேண்டும். எந்தத் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மறுபடியும் அதே காவிரி

2024 தை மாதம் பொங்கல் முடிந்ததும் மறுபடி பேச்சு எழுந்தது. அதே பதினோரு பேர். அத்தைக்கு எழுபத்தி இரண்டு வயசு, முட்டிவலி. இந்தத் தடவை நான் ஒரு காரியம் செய்தேன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஒரு நோட்டில் கோடு போட்டேன். ஆறு வேளைச் சாப்பாடு, எட்டு டீ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பேர்.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "லீவுக்குப் போறமா, டியூட்டிக்குப் போறமா?" என்றார்.

"போன தடவை நான் டியூட்டிக்குத்தான் போனேன். இந்தத் தடவை எல்லாருமா பங்கு போட்டுக்கிட்டு லீவுக்குப் போவோம்" என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தனார்தான் முதலில், "அண்ணி, களி கிண்டறது என் பொறுப்பு" என்றார்.

நோட்டில் எழுதினபடி எல்லாம் நடந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். என் மகன் போட்ட டீயில் சர்க்கரை இல்லை. பாத்திரம் கழுவுவதாகச் சொன்ன என் வீட்டுக்காரர் முதல் நாள் தூங்கிவிட்டார். கழுவாத பாத்திரத்தை நானும் தொடவில்லை. தொடாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம், சகோதரிகளே! கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் எழுந்து அவரே கழுவினார். களி கிண்டின கொழுந்தனாருக்குத் தோள் வலி எடுத்து, "இதை எப்படி தினம் செஞ்சீங்கம்மா?" என்று அத்தையைக் கேட்டார். "துடுப்பைப் பிடிச்சாத்தான் தெரியும்" என்றார் அத்தை.

இரண்டாம் நாள் மத்தியானச் சமையலை ஒரு அக்காவிடம் கொடுத்தோம். ஒகேனக்கல் போனவர்களுக்குத் தெரியும்; நாம் மீனும் சாமானும் வாங்கிக் கொடுத்தால், விறகடுப்பில் சமைத்துத் தருகிற பெண்கள் அங்கே உண்டு. கட்லா மீன் நாலு கிலோ வாங்கினோம். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக்கூடாது. இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். மசாலாவை அம்மியில் அரைத்து, புளி கரைத்து, ஒரு மணி நேரத்தில் குழம்பும் வறுவலும் ஆக்கிவிட்டார் அந்த அக்கா.

நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சும்மா உட்கார, இன்னொரு பெண் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கிறாள். இது என்ன நியாயம் என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "உங்களுக்கு லீவு எப்பக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "மேல இருந்து தண்ணி அதிகமா தொறந்து விட்டா, குளிக்கக் கூடாது, பரிசல் ஓட்டக் கூடாதுன்னு தடை போட்டுருவாங்க. யாரும் வர மாட்டாங்க. அப்ப எங்களுக்கு லீவுதான். ஆனா அந்த லீவு யாருக்கும்மா வேணும்? நீங்க வந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான். நம் ஓய்வுக்கு இன்னொருவர் கை உதவினால், அதற்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்; சமைத்து முடித்த பிறகு பேரம் பேசாதீர்கள். மீனில் அவர் பங்கையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இலவசமாகவே நடப்பதால் சமையலுக்கு விலை இல்லை என்று நாமே நம்பிவிடுகிறோம். அந்த அக்காவுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது என் வீட்டுக்காரர், "ஒரு வேளைக்கே இவ்வளவா!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. மனசுக்குள் இருபத்தி இரண்டு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்துக்கொண்டேன்.

பதினோராவது தடவை

சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டைக்குக் காவலாக என் மகனும் கொழுந்தனாரும் இருந்தார்கள். அத்தையைக் கைத்தாங்கலாகப் பரிசல் துறைக்குக் கூட்டிப்போனோம். எண்ணெய் சிந்திய பாறை வழுக்கும். வயசானவர்களைக் கைபிடித்துத்தான் நடத்த வேண்டும். பாதுகாப்புச் சட்டையைப் போட்டுவிட்டபோது, "இதென்னடி, மூட்டை கட்டற மாதிரி கட்டறீங்க" என்றார். அந்தச் சட்டை இல்லாமல் யாரும் ஏறாதீர்கள். தடை போட்ட நாளில் கெஞ்சிக் கூத்தாடி ஏறவும் வேண்டாம்.

பரிசல் என்பது மூங்கில் பின்னின பெரிய கூடைதான். அத்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாறை இடுக்கு வழியே பரிசல் போயிற்று. இரண்டு பக்கமும் உயரமான கற்சுவர், மேலே கொஞ்சம் வானம். முகத்தில் சாரல் அடித்தது. விரிந்த இடத்துக்கு வந்ததும் ஓட்டுகிறவர் துடுப்பைத் தள்ளிப் பரிசலை வட்டமாகச் சுற்றவிட்டார். நான் பயந்துபோய், "நிறுத்துங்கண்ணா, அம்மாவுக்குத் தலை சுத்தும்" என்றேன்.

அத்தை கண்ணை மூடியிருந்தார். பரிசல் நின்றதும் திறந்து, "ஏன் நிறுத்திட்டாரு? இன்னொரு சுத்து சுத்தச் சொல்லு" என்றார்.

கரையேறினதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சமைச்ச பொண்ணு சாப்பிட்டாளா?" என்பது. சாப்பிட்டாள் என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

இந்தக் கோடையில் நீங்களும் எங்காவது வீடு எடுத்துத் தங்குவீர்கள். ஏற்காடோ, கொடைக்கானலோ, ராமேசுவரமோ எதுவானாலும் சரி. பையில் துணி அடுக்குவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, எத்தனை வேளை, எத்தனை டீ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பேரைப் போட்டுவிடுங்கள். எல்லா வரியிலும் உங்கள் பேரே இருந்தால், கிளம்பாதீர்கள். மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் வீட்டில் கரையிலேயே உட்கார்ந்திருக்கிற பெரியவர் யாராவது இருந்தால், முதல் பரிசலில் அவரை ஏற்றுங்கள்.

என் அக்கா மகளிடமும் இதையேதான் சொன்னேன். "அடுத்த வருஷம் நோட்டு போடறேன் சித்தி" என்றாள். பார்ப்போம்.

மற்றவை அடுத்த இதழில்.